சர்ச்சுக்குள் ஜனநாயகம் கேட்ட போஃப், காட்டைப் பற்றி எழுதப் போனது ஏன்?

மலையடிவாரம்

லியோனார்டோ போஃப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவரை இரண்டு ஆளாகப் பிரித்துவிடுகிறார்கள். எழுபது, எண்பதுகளில் விடுதலை இறையியல் (ஏழைகளின் பக்கம் நின்று வேதத்தை வாசிக்கும் இறையியல்) எழுதி வத்திக்கானிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிரான்சிஸ்கன் துறவி ஒருவர். தொண்ணூறுகளுக்குப் பிறகு பூமி, காடு, பருவநிலை என்று எழுதும் வெள்ளைத் தாடிப் பெரியவர் இன்னொருவர். சோவியத் விழுந்ததும் மார்க்சைக் கீழே வைத்துவிட்டுப் பச்சைக் கொடியைத் தூக்கிக்கொண்டார் என்று கேலி பேசுபவர்களும் உண்டு.

எனக்கு அது சரியாகப் படவில்லை. அவர் ஆரம்பத்திலிருந்து கேட்டுவருவது ஒரே கேள்விதான்: முடிவெடுக்கும் இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் வாசலிலேயே நிறுத்தப்படுகிறார்கள்? முதலில் அதைத் திருச்சபையைப் பார்த்துக் கேட்டார். அப்புறம் அமேசான் காட்டில் நின்று கேட்டார்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1938இல் பிரேசிலின் தெற்கே, சான்டா கத்தரீனா மாநிலத்து கொன்கோர்டியாவில் பிறந்தவர். இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பம். 1959இல் பிரான்சிஸ்கன் சபை, 1964இல் குருப்பட்டம். 1970இல் மியூனிக் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். திரும்பி வந்து பெத்ரோபோலிஸ் நகரில் உள்ள பிரான்சிஸ்கன் இறையியல் கல்லூரியில் இருபது ஆண்டுக்கு மேல் பாடம் நடத்தினார். 1972இல் 'விடுவிக்கும் இயேசு கிறிஸ்து'. 1981இல் 'திருச்சபை: அருங்கொடையும் அதிகாரமும்'. வம்பு தொடங்கியது இந்த இரண்டாவது புத்தகத்தில்தான்.

குருப்பட்டம் வாங்கிய அதே 1964இல்தான் பிரேசிலில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அது 1985 வரை நீடித்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே பேசலாம்.

சந்தேகச்சாமி

ஆரம்பத்திலேயே ஒரு ஆட்சேபம். சர்ச் என்பது பஞ்சாயத்து யூனியன் இல்லை. ஓட்டுப் போட்டு வேதத்தை மாற்ற முடியாது. விதிமுறை தெரிந்துதான் ஒருவர் துறவியாகிறார், கீழ்ப்படிதல் வாக்குறுதியும் கொடுக்கிறார். அப்புறம் 'இங்கே ஜனநாயகம் இல்லையே' என்று புத்தகம் போட்டால் நிர்வாகம் சும்மா இருக்குமா? நான் நாத்திகன்தான். ஆனாலும் இந்த விஷயத்தில் அவரை விசாரித்த வத்திக்கான் கோட்பாட்டுப் பேராயத் தலைவர் கர்தினால் ராட்சிங்கர் பக்கம் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது.

பரதவன்

சாமி அண்ணே, ஓட்டுப் போட்டு வேதத்தை மாற்றச் சொல்லி போஃப் எழுதவில்லை. நான் கடற்கரைப் பங்கில் வளர்ந்தவன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் அன்பியக் கூட்டம் நடக்கும். பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் யாராவது ஒருவர் வீட்டு முற்றத்தில் பாய் விரித்து உட்காருவோம். நற்செய்தி ஒரு பகுதி வாசிப்பு, செபம், அப்புறம் சுற்றி வந்து பேச்சு. குழாயில் உப்புத் தண்ணீர் வருவது, அரிப்பில் கரை போவது, விசைப்படகு வலையை அறுத்துவிட்டுப் போனது எல்லாம் அங்கேதான் வெளியே வரும். ஆல்டரில் சாமியார் பேசும்போது வாய் திறக்காத கிழவிகள் அந்த முற்றத்தில் பொரிந்து தள்ளுவார்கள். சாமியார் வந்தாலும் ஓரமாக உட்கார்ந்து கேட்க வேண்டியதுதான்.

பிரேசிலில் அறுபதுகளிலிருந்து பரவிய அடித்தளச் சமூகங்களும் இதே உருதான், ஆனால் சூழ்நிலை வேறு. 1968 டிசம்பரில் ராணுவ அரசு ஐந்தாவது நிறுவனச் சட்டம் என்று ஒன்றைப் போட்டு நாடாளுமன்றத்தை மூடியது, தணிக்கை வந்தது, தொழிற்சங்கத் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். ஊர் கூடிப் பேச மிஞ்சிய இடம் பெரும்பாலும் கோயில் தாழ்வாரம். அங்கே எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலி ஒருவர் வசனம் ஒன்றைக் கேட்டுவிட்டு 'இது நம்ம ஊர்ப் பண்ணையாரைப் பற்றித்தானே' என்று சொல்கிறார். போஃப் அதைத் திருச்சபையின் பிறப்பு என்று எழுதினார். ரோமுக்குக் கோபம் வந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். ஓட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

1975இல் ஆயர்கள் ஆதரவில் நில மேய்ப்புப்பணிக் குழு தொடங்கியது, 1980இல் தொழிலாளர் கட்சி, 1984இல் நிலமற்றோர் இயக்கம் என்று எல்லாவற்றிலும் இந்தத் தாழ்வாரத்து ஆட்கள் இருந்தார்கள்.

நூலகத்தூண்

சந்தேகச்சாமியின் வாதத்தை வலுவான வடிவிலேயே எடுத்துக்கொள்ளலாம். வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் அந்தப் புத்தகத்தில் நான்கு விஷயங்களைக் குறை சொன்னது: திருச்சபையின் கட்டமைப்பு, கோட்பாடு பற்றிய கருத்து, புனித அதிகாரம் செலுத்தப்படும் விதம், இறைவாக்குப் பணி. மூன்றாவதுதான் உறுத்தியது. வழிபாடு, போதனை, மன்னிப்பு ஆகியவற்றை 'உற்பத்தி செய்யும்' உரிமை குருக்கள் கையில், பொதுமக்கள் வெறும் நுகர்வோர் என்று போஃப் எழுதியிருந்தார். மார்க்சிடமிருந்து அப்படியே எடுத்த மொழி. ஒரு பேராயத்தின் தலைவர் இதைப் படித்துவிட்டுத் தலையாட்டுவார் என்று எதிர்பார்க்க முடியாது.

நடந்த விதத்தையும் பார்க்க வேண்டும். 1984 செப்டம்பர் 7 அன்று போஃப் ரோமில் ராட்சிங்கர் முன் ஆஜரானார். துணைக்கு வந்தவர்கள் பிரேசிலின் இரண்டு கர்தினால்கள்: அலோய்சியோ லோர்ஷைடர், பவுலோ எவாரிஸ்டோ ஆர்ன்ஸ். இருவரும் பிரான்சிஸ்கன்கள். சாவோ பாலோவில் ராணுவச் சித்திரவதையை வெளிப்படையாக எதிர்த்தவர் ஆர்ன்ஸ். அப்படிப்பட்ட மனிதர் சொந்தத் திருச்சபையின் விசாரணை அறை வரை ஒருவருடன் போக வேண்டியிருந்தது.

பேராயத்தின் அறிவிப்பு 1985 மார்ச் 11 தேதியிட்டது. நான்கு நாள் கழித்து, மார்ச் 15 அன்று, 21 ஆண்டுகளுக்குப் பிறகு பிரேசிலில் ஒரு சிவிலியன் குடியரசுத் தலைவர் பொறுப்பேற்றார். நாட்டில் வாய்ப்பூட்டு கழன்ற வாரத்தில் இவருக்குப் பூட்டு வந்தது. மே மாதம் 'மௌனம் காக்க' உத்தரவு: எழுதக்கூடாது, உரையாற்றக்கூடாது, பத்திரிகையாசிரியர் வேலையும் பார்க்கக்கூடாது. பதினொரு மாதம் போல அது நீடித்தது, 1986 ஈஸ்டர் சமயம் தளர்த்தினார்கள்.

வேர்க்கடலை

மியூனிக் ஆய்வேட்டைப் புத்தகமாக்கப் பணமும் பதிப்பாளரும் பிடித்துக்கொடுத்தவர் ராட்சிங்கர்தான் என்று போஃப்பே பல தடவை சொல்லியிருக்கிறார். முதல் பாதியில் அண்ணன், இடைவேளைக்குப் பிறகு வில்லன். நம்ம ஊர் டைரக்டர் யாராவது கவனிக்கவும்.

சந்தேகச்சாமி

சிரித்தேன். சரி, மௌனத் தண்டனை அசிங்கம்தான். ஒரு வேலை வழங்குநர் ஆளை வெளியே அனுப்பலாம், வாயைத் தைக்கக் கூடாது. ஆனால் இதில் பருவநிலை எங்கே வருகிறது? இன்னும் நீங்கள் அந்த இடத்துக்கே வரவில்லை.

மலையடிவாரம்

வருகிறேன். 1992 ஜூன். ரியோவில் ஐ.நா.வின் பூமி உச்சி மாநாடு, 3 முதல் 14 வரை. பருவநிலை மாற்ற உடன்படிக்கை கையெழுத்துக்கு வைக்கப்பட்ட மாநாடு அது. போஃப் அதில் தீவிரமாக இருந்தார். ரோமிலிருந்து மறுபடியும் நெருக்கடி, அந்த மாநாட்டிலேயே கலந்துகொள்ளாமல் தடுக்கப் பார்த்தார்கள் என்று அவர் பின்னாளில் சொன்னார். மாநாடு முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, ஜூன் 28 அன்று குருத்துவத்தையும் பிரான்சிஸ்கன் சபையையும் விட்டு விலகுவதாகக் கடிதம் எழுதினார். திருச்சபையை விட்டுப் போகவில்லை, போராட்டத்தையும் விடவில்லை, நிற்கும் இடத்தை மட்டும் மாற்றுகிறேன் என்பது அதன் சாரம்.

அதற்கடுத்து நடந்ததை வாழ்க்கைக் குறிப்பு எழுதுபவர்கள் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முக்கியம். 1993இல் ரியோ டி ஜெனீரோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அறவியல், மதத் தத்துவம், சூழலியல் ஆகியவற்றுக்கான பேராசிரியர் பதவிக்குப் பொதுப் போட்டித் தேர்வு எழுதி வேலைக்குச் சேர்ந்தார். ஐம்பத்து நான்கு வயது. அதற்குள் உலகம் முழுக்கப் பெயர் தெரிந்தவர். ஆனாலும் மற்ற விண்ணப்பதாரர்களோடு வரிசையில் நின்றுதான் உள்ளே போனார்.

கத்தோலிக்க இறையியல் கல்லூரியில் பாடம் நடத்துவது மேலிடத்தின் அனுமதியைப் பொறுத்தது. அனுமதி போனால் வகுப்பறை போச்சு. அரசுப் பல்கலைக்கழகத்தில் வேலை தேர்வாலும் சட்டத்தாலும் வருகிறது, ஒரு கர்தினாலின் கடிதத்தால் போகாது. விசுவாசம், சூழலியல், ஜனநாயகம் மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பேச அவருக்கு ஒரு மேசை கிடைத்ததே, ராணுவம் போய்ச் சிவில் அரசு வந்த நாட்டில் அப்படி ஒரு பல்கலைக்கழகம் இருந்ததால்தான். அவர் எழுதியதைப் போலவே அவர் சம்பளம் வாங்கிய இடமும் இந்த வாதத்தில் சேர்த்தி.

நூலகத்தூண்

இந்த இடத்தில் மலையடிவாரத்தோடு முழுக்க ஒத்துப்போகிறேன். 1995இல் வந்த 'பூமியின் கூக்குரல், ஏழைகளின் கூக்குரல்' புத்தகத்தின் அடிப்படை வாதம் எளிமையானது: வர்க்கங்களையும் மக்களையும் சுரண்டும் அதே தர்க்கம்தான் இயற்கையையும் சுரண்டுகிறது. இரண்டும் வேறு வேறு புண் இல்லை. ஆகவே ஏழையை விட்டுவிட்டுப் புலியைக் காப்பாற்றும் சூழலியலும் அவருக்கு வேண்டாம், பூமியை மறந்துவிட்டுக் கூலி உயர்வு மட்டும் கேட்கும் இடதுசாரியும் வேண்டாம்.

அமேசானுக்கென்று ஒரு தனி அத்தியாயம் இருக்கிறது, பெருந்திட்டங்கள் காட்டை என்ன செய்தன என்பது பற்றி. அந்தக் காலத்துத் திட்டங்கள் எப்படி இருந்தன என்பதற்கு ஜாரி ஒரு நல்ல உதாரணம். டேனியல் லுட்விக் என்ற அமெரிக்கக் கப்பல் முதலாளி 1967இல் பத்து லட்சம் ஹெக்டேருக்கு மேல் காட்டு நிலம் வாங்கினார். காட்டை அழித்துக் காகிதக் கூழுக்காக அவர் நட்டது என்ன தெரியுமா? நம்ம ஊர் குமிழ் மரம். வீணைக்கும் பெட்டிக்கும் அறுக்கிறோமே, அதேதான். கூழ் ஆலையை ஜப்பானில் கட்டி, மிதக்கவிட்டு, கடல் வழியாக 1978இல் இழுத்துக்கொண்டு வந்தார்கள். மண் ஒத்துக்கொள்ளவில்லை, மரம் எதிர்பார்த்தபடி வளரவில்லை, எண்பதுகளின் தொடக்கத்தில் விற்றுவிட்டுப் போய்விட்டார். இவ்வளவுக்கும் அங்கே வாழ்ந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டிய கட்டாயமும் ராணுவ ஆட்சியில் யாருக்கும் இல்லை.

கப்பல்காரன்

பிரேசிலின் பாரா மாநிலத்தில் வில்லா டோ கொண்டே துறைமுகத்துக்கு நான் போயிருக்கிறேன், அலுமினா சரக்கு. வெள்ளைத் தூள். ஹேட்ச் மூடியில், கைப்பிடிக் கம்பியில், சட்டைக் காலரில் எல்லாம் படிந்துவிடும், முகக்கவசம் போட்டும் தொண்டை கரகரக்கும். பக்கத்திலேயே அலுமினிய ஆலை. அதற்கு மின்சாரம் தோகன்டின்ஸ் ஆற்றின் துக்குருயி அணையிலிருந்து வருகிறது. துக்குருயி ராணுவ ஆட்சியில் கட்டி 1984இல் திறந்த அணை, இரண்டாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு தண்ணீருக்குள் போனது, இருபதாயிரம் பேருக்கு மேல் ஊரை விட்டுக் கிளம்பினார்கள்.

அணைக்குப் பக்கத்து ஊர்களில் பல வருஷம் தலைக்கு மேலே உயரழுத்தக் கம்பி போகும், வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு. ஆலைக்கு மட்டும் சலுகை விலையில் கரண்ட். இறையியல் எனக்குத் தெரியாது. ஆனால் யாரைக் கேட்டு அணை கட்டினாய் என்று கேட்பதற்கு இறையியல் படித்திருக்கத் தேவையில்லை.

சந்தேகச்சாமி

கப்பல்காரன் சொன்ன கடைசி வரியே என் வாதம். தேவையில்லை என்றால் எதற்கு இறையியலாளர்?

எண்களுக்கு வருவோம். பிரேசில் அமேசானில் 2004இல் ஒரே ஆண்டில் 27,772 சதுர கிலோமீட்டர் காடு அழிந்தது. 2012இல் அது 4,571. எட்டே ஆண்டில் இவ்வளவு இறக்கம். எப்படிக் குறைந்தது? செயற்கைக்கோள் எச்சரிக்கை, வன அதிகாரிகள் சோதனை, 2006இல் சோயா வணிகர்கள் புதிதாக அழித்த நிலத்துச் சோயாவை வாங்குவதில்லை என்று செய்த ஒப்பந்தம், 2008இல் சூழல் சட்டத்தை மதிக்காத பண்ணைக்கு வங்கிக் கடன் இல்லை என்ற விதி. இதில் விசுவாசம் எங்கே?

அடுத்தது, ஜனநாயகம் வந்தால் காடு பிழைக்கும் என்பதும் கதை. ஷிங்கு ஆற்றில் பெலோ மோன்ச்சி அணையைக் கட்டியது ராணுவம் இல்லை, போஃப் ஆதரித்த தொழிலாளர் கட்சி அரசு. 11,233 மெகாவாட். ஷிங்கு மறைமாவட்ட ஆயர் எர்வின் கிரௌட்லர் எதிர்த்து எதிர்த்துக் களைத்துப் போனார். ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அரசுதான் அதைச் செய்தது.

மலையடிவாரம்

இரண்டுமே நல்ல அடி. முதலாவதற்கு என் பதில்:

2003இல் சுற்றுச்சூழல் அமைச்சராக வந்து அந்தக் காடழிப்புத் தடுப்புத் திட்டத்தைக் கட்டி நிறுத்தியவர் மரீனா சில்வா. ஆக்ரி மாநிலத்து ரப்பர் பால் எடுக்கும் குடும்பத்துப் பெண். பதினாறு வயதில்தான் எழுதப் படிக்கக் கற்றார், கன்னியாஸ்திரியாக ஆசைப்பட்டார், அடித்தளச் சமூகங்கள் வழியாக அரசியலுக்கு வந்தார், காட்டைக் காக்கப் போராடிய ரப்பர் தொழிலாளர் தலைவர் சிக்கோ மென்டிஸோடு வேலை செய்தார். மென்டிஸை 1988 டிசம்பர் 22 அன்று ஷாபுரியில் அவர் வீட்டிலேயே சுட்டுக்கொன்றார்கள். செயற்கைக்கோள் படம் எடுக்கும். படத்தைப் பார்த்து நடவடிக்கை எடுக்கும் துணிவுள்ள ஆள் எங்கே உருவானார் என்பதும் கேள்விதானே?

படத்தை எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டதும் முக்கியம். 2019 ஆகஸ்ட்டில் வலதுசாரிக் குடியரசுத் தலைவர் போல்சனாரோவின் அரசு என்ன செய்தது? காடழிப்பு எண்கள் பொய் என்று சொல்லி, விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் ரிக்கார்டோ கல்வாவைப் பதவியிலிருந்து எடுத்தது. 2021இல் காடழிப்பு 13,038 சதுர கிலோமீட்டருக்கு ஏறியது. தேர்தல் நடந்தால் மட்டும் ஜனநாயகமா? கணக்கு வெளியே தெரிய வேண்டும், பாதிக்கப்படுகிறவர் பேச வேண்டும், நீதிமன்றம் திறந்திருக்க வேண்டும். 2000இல் ஹேக் நகரில் வெளியான பூமி சாசனத்தின் 13ஆம் கோட்பாடு இதைத்தான் சொல்கிறது. கோர்பச்சேவும் ரியோ மாநாட்டை நடத்திய மாரிஸ் ஸ்ட்ராங்கும் முன்னின்று நடத்திய அந்த ஆணையத்தில் போஃப் ஓர் உறுப்பினர். சாசனத்தின் நான்கு தூண்களில் நான்காவது ஜனநாயகம், வன்முறையின்மை, அமைதி. சூழலியல் ஆவணத்தில் இது எதற்கு என்று கேட்டால், துக்குருயியைப் பாருங்கள் என்பதுதான் பதில்.

பெலோ மோன்ச்சிக்கு என்னிடம் சமாதானம் இல்லை.

சந்தேகச்சாமி

மரீனா 1997லேயே பெந்தகோஸ்தே சபைக்குப் போய்விட்டார் என்பதையும் சொல்லிவிடுங்கள். அப்புறம் 2014 தேர்தலில் அதே மரீனாவை எதிர்த்து, பெலோ மோன்ச்சி கட்டிய தொழிலாளர் கட்சிக் குடியரசுத் தலைவர் தில்மாவுக்கு ஆதரவு கொடுத்தவர் உங்கள் போஃப்.

இன்னொன்று, அவர் 'சமூக-பிரபஞ்ச ஜனநாயகம்' என்று ஒன்று பேசுகிறார். மலை, ஆறு, மரம், மிருகம் எல்லாம் குடிமக்கள், அவற்றுக்கும் உரிமை உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. மரம் பேசாது. அதற்காகப் பேசுபவர் யார்? சுற்றிச் சுற்றி மறுபடியும் ஒரு சாமியார்! 1981இல் எதைக் குறை சொன்னாரோ, அதே 'உங்களுக்காக நான் பேசுகிறேன்' வேலைதான் இது.

வேர்க்கடலை

இது நெத்தியடி. மலையடிவாரம் அண்ணன் டீ குடித்துவிட்டு வரட்டும்.

பரதவன்

மரத்துக்காக யார் பேசுவது என்பதற்கு ஈக்வடார் ஒரு வழி வைத்திருக்கிறது. 2008 அரசமைப்புச் சட்டத்தில் இயற்கைக்கு உரிமை எழுதியபோது, அதை நடைமுறைப்படுத்தச் சொல்லி எந்த ஆளும், எந்த ஊரும் வழக்குப் போடலாம் என்று 71ஆம் பிரிவில் வைத்தார்கள். சாமியாரோ அமைச்சரோ ஒருவர் கையில் கொடுக்கவில்லை. 2021இல் லோஸ் செத்ரோஸ் மேகக்காட்டில் சுரங்க அனுமதியை அவர்களுடைய அரசமைப்பு நீதிமன்றம் ரத்து செய்தது இந்தப் பிரிவுகளை வைத்துத்தான். போஃப் ஈக்வடாரை அடிக்கடி உதாரணம் காட்டுவார்.

நம்ம மதுரைக் கிளையும் 2022 ஏப்ரலில் மேகமலை வனப் புறம்போக்குப் பட்டா விவகாரத்தில் இயற்கைக்கு உயிருள்ள ஆளுக்குரிய உரிமை உண்டு என்று சொன்னது. தீர்ப்பு வந்ததோடு சரி, எங்கள் கரையில் அதற்குப் பிறகும் மணல் போய்க்கொண்டேதான் இருக்கிறது. சட்டம் கதவைத் திறந்துவைக்கும், உள்ளே போக ஊரில் ஆள் வேண்டும். அந்த ஆளைத் தயார் செய்ததுதான் முற்றத்துக் கூட்டம் என்பேன்.

நூலகத்தூண்

சந்தேகச்சாமி கேட்ட 'யார் யாருக்காகப் பேசுவது' என்பதை போஃப்பின் பக்கத்து வட்டத்திலேயே கேட்டிருக்கிறார்கள், அதுவும் இன்னும் கூர்மையாக.

இவோனி கெபாரா என்ற பிரேசில் கன்னியாஸ்திரி, ரெசிஃபி பக்கம் கமராஜிபி என்ற ஏழைக் குடியிருப்பில் வாழ்ந்தவர். விடுதலை இறையியலாளர்கள் 'ஏழை' என்று எழுதும்போது அவர்கள் மனதில் இருப்பவர் ஆண் என்றார். குப்பை வாராத தெருவும் குழந்தைக்கு வரும் பேதியும் தண்ணீர் சுமக்கும் பெண்ணும்தான் அவருக்குச் சூழலியல். பிரபஞ்சத்தின் தோற்றத்திலிருந்து ஆரம்பிக்கும் போஃப்பின் நடையோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் உறைக்கும். அவருக்கும் தண்டனை உண்டு. 1995இல் வாயை மூடச் சொல்லி, படித்துவிட்டு வாருங்கள் என்று பெல்ஜியத்துக்கு அனுப்பினார்கள். முனைவர் பட்டம் பெற்றவரை!

இன்னொருவர் சொந்தத் தம்பி. கிளோடோவிஸ் போஃப் ஒரு காலத்தில் இதே இறையியலின் முறையியல் நிபுணர். 2007இல் ஒரு கட்டுரை எழுதினார்: கிறிஸ்து இருக்க வேண்டிய இடத்தில் ஏழையை வைத்துவிட்டீர்கள், அதனால் விசுவாசம் அரசியலின் கருவியாகச் சுருங்கிவிட்டது என்று. அது வெளியானது அண்ணன் ஒரு காலத்தில் ஆசிரியராக இருந்த அதே இதழில். அண்ணன் அடுத்த ஆண்டு பதில் எழுதினார், ஏழையிடம்தான் கிறிஸ்து இருக்கிறார் என்ற பக்கம் நின்று.

தம்பியின் கவலையைத் தள்ளிவிட முடியாது. 1980 கணக்கெடுப்பில் பிரேசில் மக்களில் கத்தோலிக்கர் 89 சதவீதம், 2022இல் 56.7. சுவிசேஷ சபைகள் 26.9 சதவீதத்துக்கு வந்துவிட்டன. திருச்சபை ஏழைகளைத் தேர்ந்தெடுத்தது, ஏழைகள் பெந்தகோஸ்தேயைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று லத்தீன் அமெரிக்காவில் ஒரு சொலவடையே உண்டு. போல்சனாரோவுக்கு அந்தச் சபைகளிலிருந்து விழுந்த ஓட்டு தெரிந்ததுதான். ஜனநாயகத்தைச் சொல்லிக்கொடுத்த தாழ்வாரங்கள் காலியானதற்கு ரோம் நியமித்த பழமைவாத ஆயர்கள் ஒரு காரணம். ஆனால் பேய் பிடித்த மகனுக்கும் குடிகாரக் கணவனுக்கும் வழி கேட்டு வந்தவளிடம் நிலச்சீர்திருத்தம் பேசினால் அவள் அடுத்த தெரு சபைக்குத்தான் போவாள்.

மலையடிவாரம்

டீ குடித்தாயிற்று.

2014 ஆதரவை நானும் ரசிக்கவில்லை. கட்சிப் பாசம் அவருடைய பலவீனம்தான். கட்சி தவறு செய்யும்போது அவர் குரல் தணிந்துவிடுகிறது, ரோம் தவறு செய்தபோது அப்படித் தணியவில்லை. அதை வைத்துக்கொண்டே சொல்கிறேன், அந்த ஆளை எனக்குப் பிடித்துப்போனது ஒரு புகைப்படத்தால். 2018 ஏப்ரல் 19, குரிச்சிபா நகரில் பெடரல் போலீஸ் கட்டடத்துக்கு வெளியே. உள்ளே தொழிலாளர் கட்சியின் லூலா சிறையில் இருக்கிறார். 79 வயது போஃப் பார்க்க வந்திருக்கிறார், அனுமதி கிடைக்கவில்லை. யாரோ கொடுத்த சின்ன இருக்கையில், கைத்தடியை ஊன்றிக்கொண்டு, வெயிலில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். கூட வந்தவர் நோபல் பரிசு வாங்கிய பெரஸ் எஸ்கிவெல், அவருக்கும் அனுமதி இல்லை. அடுத்த மாதம்தான் உள்ளே விட்டார்கள்.

மரத்துக்காகப் பேசும் சாமியார் பற்றி: போஃப் பேசுவதைவிட மற்றவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதைப் பார்க்கலாம். 2015இல் போப் பிரான்சிஸ் வெளியிட்ட சூழலியல் சுற்றுமடலின் 49ஆம் பத்தி பூமியின் கூக்குரலையும் ஏழைகளின் கூக்குரலையும் சேர்த்துக் கேட்கச் சொல்கிறது. 207ஆம் பத்தியில் பூமி சாசனம் மேற்கோளாக வருகிறது. சுற்றுமடலுக்காகத் தன்னிடம் எழுத்துகள் கேட்டு வாங்கினார்கள் என்று போஃப் சொன்னார். அவர் பெயர் மட்டும் அதில் எங்கும் இல்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் வாயை மூடச் சொன்ன அதே அலுவலகத்து வளாகத்திலிருந்து!

சந்தேகச்சாமி

பெயர் போடாமல் எடுத்துக்கொண்டதை நீங்கள் வெற்றி என்கிறீர்கள். நான் அதைப் பழைய பழக்கம் என்பேன். அதிகாரம் தன் பாணியில் ஜீரணித்துக்கொண்டது. 246 பத்தியும் மேலிருந்து கீழே வந்த கடிதம்தான். அதில் பங்கேற்பு பற்றி எழுதியிருக்கலாம். யாரைக் கேட்டு எழுதினார்கள்? கப்பல்காரன் கேட்ட அதே கேள்வி.

ஆனால் 1993 போட்டித் தேர்வு விஷயம் எனக்குத் தெரியாது. அந்த ஒன்றுக்காகவே கொஞ்சம் படிக்கலாம் போலிருக்கிறது. எங்கே ஆரம்பிப்பது? போப்பின் கடிதத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

நூலகத்தூண்

1981 புத்தகம் கட்டுரைத் தொகுப்பு, திருச்சபை அரசியல் தெரியாவிட்டால் இழுக்கும். உங்களுக்கு 1995 புத்தகம் சரி. முதலில் அமேசான் அத்தியாயத்தைப் படித்துவிட்டு அப்புறம் தொடக்கத்துக்கு வாருங்கள். கடைசி அத்தியாயம் அசிசி பிரான்சிஸைப் பற்றியது. சபையை விட்டு விலகி மூன்று வருஷம் கழித்தும் அந்த சபையின் நிறுவனரைப் பற்றித்தான் முடிக்கிறார்.

கெபாராவுக்குத் தனி இழை போட வேண்டும். வார இறுதியில் தொடங்குகிறேன். பரதவன், தண்ணீர்க் குழாய்க் கதைகளோடு அங்கே வாருங்கள்.

பரதவன்

கதை எனக்கு எதற்கு, அம்மாவைக் கூப்பிட்டு வருகிறேன். அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடிக்கிறேன்.

சந்தேகச்சாமி

அமேசான் அத்தியாயம் படிக்கிறேன். பிரான்சிஸ் அத்தியாயத்துக்கு உத்தரவாதம் தர முடியாது.